துருப்பிடிக்காத காரில் துருப்பிடித்த போல்ட்!

கார் என்றாலே இரும்புத் தகடுதான் நம் நினைவுக்கு வரும். ஆனால் அமெரிக்காவின் புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் காரான ‘கார்வெட்’டுக்கு வெளியே தெரியும் உடம்பு இரும்பு அல்ல, கண்ணாடி நாரையும் பிசினையும் சேர்த்து வார்த்த உடம்பு. மழையிலே நின்றாலும் பனியிலே நின்றாலும் துரு அதை அண்டுவதில்லை. அப்பேர்ப்பட்ட காரை, அதன் அடியிலே ஒளிந்து கிடக்கும் ஒரு போல்ட் பட்டறையில் நாட்கணக்காக முடக்கிப் போட்டுவிடுகிறது என்றால் வியப்பாக இல்லையா?

பழைய கார்வெட்டைப் பழுது பார்க்கும் மெக்கானிக்குகளை எஞ்சின் அவ்வளவாகப் பயமுறுத்துவதில்லை. விரல் கனம்கூட இல்லாத இந்தப் போல்ட்தான் அவர்களுடைய பொறுமையைச் சோதிக்கிறது.

1963-ல் வந்த புதுமை

ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி தன் ‘ஷெவர்லே’ பிரிவின் மூலம் முதல் கார்வெட்டை 1953-ல் வெளியிட்டது. அந்த ஆண்டு செய்தவை மொத்தம் 300 கார்கள்தாம். பத்து ஆண்டு கழித்து, 1963 மாடலாக ‘ஸ்டிங் ரே’ என்ற புது உருவம் வந்தது. அந்த ஒரு மாடலில் மட்டும் 21,000-க்கு மேற்பட்ட கார்கள் செய்யப்பட்டன. அதன் யந்திர அமைப்பில் பெரும் பங்கு வகித்தவர் ஸோரா ஆர்க்கஸ்-டன்டாவ். 1909-ல் பெல்ஜியத்தில் ரஷ்யப் பெற்றோருக்குப் பிறந்து, அமெரிக்காவில் குடியேறிய எஞ்சினீயர் இவர்.

அதற்கு முந்திய கார்வெட்டில் பின்சக்கரங்கள் இரண்டையும் ஒரே இரும்பு அச்சு பிணைத்திருந்தது. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றதும் சேர்ந்து ஆடும். ஸ்டிங் ரேயிலோ ஒவ்வொரு பின்சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும். சக்கரத்தைச் சுழற்றும் தண்டு மேலே. அதற்குக் கீழே இன்னொரு தாங்குகோல். முன்னாலிருந்து சக்கரத்தைப் பிடித்துக்கொள்ள நீளமான ஓர் இரும்புக் கை. இவை எல்லாவற்றையும் தாங்க, காரின் குறுக்கே ஒன்பது பட்டைகள் அடுக்கிய ஸ்பிரிங். இந்த அடிப்படை அமைப்பு 1982 மாடல் வரை நீடித்தது. அதாவது, இந்த வகையில் மிக இளைய வண்டிக்கே இன்று 40 வயது தாண்டிவிட்டது!

முன்னால் சொன்ன அந்தக் கையின் முன்நுனிதான் நம் கதையின் களம். சேஸிஸில் இதற்கென்றே ஒரு குறுகிய அறை உண்டு. கையின் நுனியில் ரப்பர் புஷ், அந்த ரப்பருக்குள்ளே ஒரு எஃகுக் குழாய். சேஸிஸின் ஒரு சுவர் வழியாக நுழைந்து, குழாயைக் கடந்து, மறு சுவர் வழியாக வெளிவருகிறது போல்ட். கைக்கு இருபுறமும் உள்ள இடைவெளியில் ‘ஷிம்’ என்னும் மெல்லிய தகடுகளைச் செருகியிருப்பார்கள். எந்தப் பக்கத்தில் எவ்வளவு கனம் என்பதைப் பொறுத்துத்தான் பின்சக்கரம் நேராக ஓடும்.

உப்பு செய்த வேலை

அமெரிக்காவின் வடபகுதி மாநிலங்களில் குளிர்காலம் வந்தால் சாலையிலே பனி உறையும். அதைக் கரைக்க உப்பைத் தூவுகிறார்கள். உப்பு கலந்த நீர் எளிதில் உறைவதில்லை, சாலைக்கு நல்லதுதான். ஆனால் அதே உப்புநீர் இரும்புக்கு எமன். சக்கரம் வாரியடிக்கும் சேறும் உப்பும் அந்தச் சிறிய அறைக்குள் புகுந்து தங்கிவிடுகின்றன. உலருவதற்குக் காற்றும் இல்லை. கழுவுவதற்கு வழியும் இல்லை.

இரும்பு துருவாக மாறும்போது முன்னைவிட இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தைப் பிடிக்கிறது. போல்ட்டுக்கும் குழாய்க்கும் இடையில் இருப்பதோ மயிரிழை இடைவெளி. அதற்குள் துரு பருக்கத் தொடங்கினால் என்ன ஆகும்? ஆப்பு அறைந்தது போல இரண்டையும் இறுக்கிவிடும். நாளடைவில் போல்ட் வேறு, குழாய் வேறு என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி ஒன்றாகிவிடுகின்றன.

‘அப்படியே இருந்துவிட்டுப் போகட்டுமே, ஏன் கழற்ற வேண்டும்?’ என்று கேட்கலாம். ரப்பருக்கு வயதாகிறது. அது நைந்தால் கை ஆடத் தொடங்கும். கை ஆடினால் பின்சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திசை மாறும். வேகமாகச் செல்லும் காரில் ஓட்டுபவர் ஸ்டியரிங்கைத் திருப்பாமலே வண்டி ஒதுங்கினால் ஆபத்து எவ்வளவு என்று சொல்லவேண்டியதில்லை. அதோடு, பின்சக்கரத்தின் பேரிங்குகளும் இதே கையின் மறுநுனியில்தான் இருக்கின்றன. அவற்றைச் சரியாகப் புதுப்பிக்க, கையையே கழற்றி மேஜைக்குக் கொண்டு வரவேண்டும்.

அம்மி நகரும், இது நகராது!

‘அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்’ என்பார்கள். இந்தப் போல்ட்டிடம் அந்தப் பழமொழி பலிப்பதில்லை.

முதலில் நட் கழன்று வந்துவிடும். மெக்கானிக்குக்கு உற்சாகம் பிறக்கும். போல்ட்டின் தலையில் ஸ்பானரைப் போட்டுத் திருகினால் அதுவும் சுழலும். ‘ஆகா, வழிக்கு வந்துவிட்டது!’ என்று எண்ணுவார். உண்மையில் அது ஏமாற்று வித்தை. போல்ட் தனியாகச் சுழலவில்லை. குழாயையும் சேர்த்துக்கொண்டு ரப்பருக்குள்ளே சுழல்கிறது. எத்தனை முறை சுற்றினாலும் ஒரு நூல்கூட வெளியே வராது.

சம்மட்டியால் அடித்தால்? அடியின் வேகத்தை ரப்பர் விழுங்கிவிடும். போல்ட்டின் முனைதான் காளான் போல விரிந்துகொள்ளும். விரிந்த முனை பிறகு சேஸிஸின் துவாரத்திலும் நுழையாது. அடி வைத்ததே வினையாக முடியும்.

நெருப்பால் சூடேற்றினால்? பல இடங்களில் கைகொடுக்கும் உபாயம் இது. இங்கே மிகவும் அபாயம். ரப்பர் தீப்பற்றிப் புகையும். சற்று மேலே இருப்பது எரியக்கூடிய கண்ணாடி நார் உடம்பு. பின்னால் பெட்ரோல் டாங்க். ஒரு போல்ட்டைக் காப்பாற்றப் போய்க் காரையே இழக்கலாமா?

துருவை ஊடுருவும் எண்ணெயைச் சில நாட்கள் விட்டுப் பார்ப்பது வழக்கம். துரு லேசாக இருந்தால் பலன் உண்டு. இறுகிப் போயிருந்தால் எண்ணெய் உள்ளே நுழையவே இடம் இருக்காது.

அறுவைச் சிகிச்சை

அப்படியானால் முடிவுதான் என்ன? போல்ட்டைக் கழற்றும் எண்ணத்தையே விட்டுவிடுவது! கை விலை உயர்ந்தது. சேஸிஸ் அதைவிட அருமையானது. போல்ட்டோ அற்ப விலை. ஆகவே போல்ட்டைப் பலி கொடுத்து மற்ற இரண்டையும் காப்பாற்றுகிறார்கள்.

ஆனால் ரம்பத்தைத் தொடுவதற்கு முன் உயிருக்குப் பாதுகாப்பு வேண்டும். காரை ஜாக்கியால் தூக்கினால் மட்டும் போதாது. உறுதியான ஸ்டாண்டுகளின் மேல் சேஸிஸை உட்கார வைக்கவேண்டும். ஜாக்கியை நம்பிக் காரின் அடியில் படுப்பது தற்கொலைக்குச் சமம். அடுத்தது அந்த ஒன்பது பட்டை ஸ்பிரிங். சக்கரம் தொங்கும்போதுகூட அதில் பலத்த விசை அடங்கியிருக்கும். ஸ்பிரிங்கின் நுனிக்கடியில் ஜாக்கி வைத்து, அது வழுக்காதபடி பட்டையில் ஒரு கிளாம்பைப் பூட்டி, நட்டைக் கழற்றிய பிறகு மெல்ல மெல்ல இறக்குவார்கள். இதை மறந்து அவசரப்பட்டவரின் கையோ முகமோ தப்பாது.

பிறகு பிரேக் குழாய், கைபிரேக் கம்பி, சக்கரத்துக்குச் செல்லும் தண்டு ஆகியவற்றைப் பிரிப்பார்கள். ஷிம் தகடுகளை நெம்பி எடுத்து, இடப்பக்கத்தவை, வலப்பக்கத்தவை என்று சீட்டு எழுதித் தனித்தனியே வைப்பார்கள். கனத்தை அளந்து குறித்துக்கொள்வதும் உண்டு. பின்னால் சக்கரத்தைச் சீராக்க இந்தக் கணக்கே வழிகாட்டி.

தகடுகள் போன இடத்தில், கைக்கும் சேஸிஸ் சுவருக்கும் நடுவே சிறு இடைவெளி கிடைக்கிறது. மின்சார ரம்பத்தின் நீண்ட பிளேடை அதில் நுழைத்து, ஒரு பக்கம் போல்ட்டை அறுத்து, பிறகு மறு பக்கமும் அறுப்பார்கள். வேகமாக அழுத்தினால் பிளேடு சூடேறிப் பல் போய்விடும். அவ்வப்போது எண்ணெய் விட்டு நிதானமாக அறுத்தால்தான் வேலை நடக்கும். அப்படியும் பல பிளேடுகள் தேய்ந்து போவது சகஜம். கண்ணுக்குக் கண்ணாடி அவசியம். பிளேடு சாய்ந்து சேஸிஸ் சுவரைக் கடித்துவிடாமல் கவனிக்கவும் வேண்டும்.

இரண்டு பக்கமும் அறுபட்டதும் கை தானாகவே இறங்கி வரும். போல்ட்டின் நடுத்துண்டு புஷ்ஷுக்குள்ளேயே அடைந்து கிடக்கும். அதனால் என்ன? பழைய புஷ்ஷை எப்படியும் எறியத்தானே போகிறோம்!

இன்னொரு முரடன்

கையின் பின்நுனியிலும் ஒரு தொல்லை காத்திருக்கிறது. ஷாக் அப்ஸார்பரையும் கீழ்த் தாங்குகோலையும் பிடித்திருக்கும் தடித்த ஊசித்தண்டு அது. இதுவும் துருவால் இறுகிப் போகும். இதன் முனையில் மரை உண்டு. நேரே அடித்தால் மரை நசுங்கிவிடும். ஆகையால் திருகித் தள்ளும் தனிக் கருவியைக் கொண்டு மெல்ல அழுத்தி வெளியேற்றுகிறார்கள். கருவி இல்லாதவர்கள் நட்டை முனையோடு சமமாக இருக்கும்படி மாட்டிவிட்டு, அதன்மேல் அடிவிழும்படி செய்வார்கள். அடியை நட் ஏற்கும். மரை ஓரளவு பிழைக்கும்.

நாளைக்கு வருபவருக்கு

கை வெளியே வந்ததும் சேஸிஸ் அறையைச் சுரண்டிப் பார்ப்பது மிக முக்கியம். போல்ட்டை விழுங்கிய துரு, சுவரை மட்டும் விட்டு வைத்திருக்குமா? அங்கே இரும்பு உதிர்ந்தால், முதலில் அதை வெட்டி எடுத்துப் புது இரும்பு வைத்து வெல்டிங் செய்யவேண்டும். பளபளக்கும் மேலுடம்பைப் பார்த்துப் பழைய கார்வெட் வாங்குபவர்கள் ஏமாறும் இடம் இதுதான். விஷயம் தெரிந்தவர்கள் முதலில் கீழே குனிந்து பார்க்கிறார்கள்.

மறுபடி பூட்டும்போது புது போல்ட்டுக்கு, இறுகாமல் காக்கும் செம்பு கலந்த பசையைத் தடவுகிறார்கள். துருப்பிடிக்காத எஃகில் செய்த ஷிம் தகடுகளும் இப்போது கிடைக்கின்றன. அவற்றில் துவாரத்துக்குப் பதில் பிளவு இருப்பதால், போல்ட்டை உருவாமலே செருகலாம், எடுக்கலாம். அவை நழுவாமல் நீண்ட ஸ்பிலிட் பின் ஒன்று காவல் நிற்கும். காரின் பாரம் சக்கரத்தில் இறங்கிய நிலையில்தான் நட்டைக் கடைசியாக முடுக்கவேண்டும். தொங்கும் நிலையில் முடுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும்.

பசை தடவ ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷம், இருபது வருஷம் கழித்து அதே காரின் அடியிலே படுக்கப் போகும் யாரோ ஒரு மெக்கானிக்குக்கு இரண்டு நாள் உழைப்பை மிச்சப்படுத்தும்.