வெள்ளைக் கண் ஈயின் வமிசம்

1910-ஆம் ஆண்டில், நியூயார்க் நகரத்துக் கொலம்பியா சர்வகலாசாலையில் பால் புட்டிகளில் பழ ஈக்களை வளர்த்து ஆராய்ந்துவந்த தாமஸ் ஹண்ட் மார்கன் என்னும் விஞ்ஞானிக்கு, சிவந்த கண்களே இயல்பாயுள்ள அக்கூட்டத்தினிடையே, வெள்ளைக் கண்ணுடைய ஆண் ஈ ஒன்று அகப்பட்டது. அதனைச் செங்கண் பெண் ஈக்களோடு சேர்த்தபோது பிறந்த சந்ததி ஏறக்குறைய முழுவதும் செங்கண்ணாகவே இருந்தது. ஆயினும் அச்சந்ததியைத் தமக்குள்ளே கூடவிட்டுப் பெற்ற பேரத் தலைமுறையில், பெண்கள் 2,459-ம் செங்கண்ணாயிருக்க, ஆண்களோ 1,011 செங்கண்ணும் 782 வெள்ளைக் கண்ணுமாகப் பிரிந்து நின்றன. சரிபாதியாக வரவேண்டிய கணக்கு குறைந்தது, வெள்ளைக் கண் ஈக்கள் சற்றே பலவீனமானவை என்பதால்.

கண்ணின் நிறத்தை நிர்ணயிக்கும் ஜீன், எக்ஸ் என்னும் குரோமோசோமில் உள்ளது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு, ஆணுக்கோ தாய்வழி வந்த ஒன்றே. ஆகவே வெள்ளைக் கண் தாய்க்கும் செங்கண் தந்தைக்கும் பிறக்கும் ஆண்மக்கள் தாயையும், பெண்மக்கள் தந்தையையும் ஒத்திருப்பர் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஜாதகம் கணிப்போருக்கு இத்தகைய நிச்சயம் வாய்த்ததாகத் தெரியவில்லை.

பறவைகளில் முறை தலைகீழ். இரட்டைக் குரோமோசோம் சேவலுக்கே உரியது. ரோட் ஐலண்ட் சிவப்புச் சேவலை, வரியிறகுள்ள பிளிமத் ராக் பெட்டையோடு சேர்த்தால், பொரித்த அன்றே தலையில் வெண்புள்ளியுள்ள குஞ்சு சேவலென்றும், புள்ளியற்ற கருங்குஞ்சு பெட்டையென்றும் தெரிந்துபோவதால், முட்டைக்காகக் கோழி வளர்ப்போர் சேவற்குஞ்சுகளுக்கு வீணில் தீனியிட வேண்டுவதில்லை.