கீழ்த்தாடை எலும்பு அளவீடு மூலம் பாலினம் அறிதல்

கீழ்த்தாடை எலும்பு அளவீடு மூலம் பாலினம் அறிதல் என்பது, உருத்தெரியாத உடலோ எலும்போ ஆணுடையதா பெண்ணுடையதா என்பதைத் தாடை எலும்பை அளந்து கணிக்கும் தடயவியல் பல் மருத்துவ முறையாகும். முக எலும்புகளில் கீழ்த்தாடையே மிகவும் உறுதியானது. எனவே மற்ற எலும்புகள் சிதைந்த நிலையிலும் இது பெரும்பாலும் எஞ்சுகிறது.

தேவை

விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி, சாத்தூர் வட்டாரப் பட்டாசு ஆலைகளில் ஆண்களும் பெண்களும் பணிபுரிகின்றனர். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஏற்பட்ட வெடி விபத்தில் சுமார் 40 பேர் இறந்தனர். தொழிலாளர்கள் மட்டுமன்றி, தீயைக் கண்டு ஓடிவந்த ஊர்மக்களும் அதில் மாண்டனர். இத்தகைய விபத்துகளில் ஆலையின் வருகைப் பதிவேட்டை மட்டும் வைத்து இறந்தவர்களை அடையாளம் காண முடியாது. முகமும் கைரேகையும் கருகியிருந்தால் பற்களே துணை. ஒப்பிடுவதற்குப் பழைய பல் சிகிச்சைப் பதிவுகளும் இல்லையெனில், முதலில் பாலினம் அறிவது தேட வேண்டியோர் பட்டியலை ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கும்.

அளவீடுகள்

தாடையின் பின்பகுதியில் காதை நோக்கி எழும் பகுதி ஏறுகிளை எனப்படும். அதன் உயரமும் அகலமும், இரு தாடை மூலைகளுக்கு இடைப்பட்ட தூரம், தாடைக் கோணம் ஆகியவை அளக்கப்படுகின்றன. எலும்பை நேரடியாகவோ, முழுவாய் எக்ஸ்ரே படத்திலோ அளக்கலாம். பொதுவாக ஆண்களின் ஏறுகிளை உயரமாகவும் அகலமாகவும், மோவாய் சதுரமாகவும் இருக்கும். பெண்களின் தாடைக் கோணம் சற்று விரிந்திருக்கும். ஓர் அளவை மட்டும் நம்பாமல், பல அளவுகளை ஒரு புள்ளியியல் சமன்பாட்டில் இட்டு முடிவு பெறப்படுகிறது.

வரம்புகள்

* சமன்பாடு மக்கள்தொகைக்கு ஏற்ப மாறும். வேற்று நாட்டவரின் அளவுகளைக் கொண்டு உருவாக்கியது தமிழ்நாட்டவருக்குத் தவறான விடை தரக்கூடும்.
* பருவமடையாத சிறுவர்களுக்கு இம்முறை நம்பகமானதன்று.
* பற்கள் விழுந்த முதியவர்களில் தாடையின் வடிவம் மாறிவிடும்.
* ஏறத்தாழ 700 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் எலும்பு வெளுத்துச் சுருங்குவதுடன் வளையவும் செய்யும். சுருங்கிய ஆண் தாடை, அளவில் பெண் தாடை போலத் தோன்றலாம்.

உறுதிப்படுத்தல்

இடுப்பெலும்பு கிடைத்தால் அதற்கே முன்னுரிமை. பாலின வேறுபாடு அதில்தான் மிகத் தெளிவு. பல்லின் உட்கூழ் எனாமலால் காக்கப்படுவதால் அதிலிருந்து டி.என்.ஏ. எடுக்க வாய்ப்புண்டு. எக்சு, ஒய் ஆகிய இரு நிறப்புரிகளிலும் உள்ள அமெலோசெனின் மரபணு நீளத்தில் வேறுபடுவதால் பாலினம் தெரியவரும். எனினும் இந்திய ஆண்கள் சிலரிடம் அதன் ஒய் வடிவம் இல்லாதது கண்டறியப்பட்டுள்ளதால், இதையும் தனித்து நம்புவதில்லை.

தாடை அளவீடு பாலினத்தை மட்டுமே கூறும். ஆளை அடையாளம் காட்டாது. பாலினத்தைத் தவறாகக் கணித்தால் உரியவரின் பெயரே தேடல் பட்டியலிலிருந்து விடுபட்டுப்போகும். இறப்புச் சான்றிதழும் நிவாரணத் தொகையும் அடையாளத்தைப் பொறுத்தவை என்பதால், உறவினரின் டி.என்.ஏ.வுடன் ஒப்பிட்ட பிறகே உடலை ஒப்படைப்பது பாதுகாப்பானது.