பெற்றோரின் சம்மதம் உண்டா?



தலையை மழித்த வெள்ளைக்கார இளைஞர் ஒருவர் காவி உடுத்தி, தாய்லாந்துக் கோயில் ஒன்றில் கைகூப்பி அமர்ந்திருக்கும் படத்தைப் பத்திரிகையிலோ தொலைக்காட்சியிலோ நீங்கள் பார்த்திருக்கக்கூடும். 'புத்த குருவாகப் பட்டம் பெற்றார்' என்று கீழே எழுதியிருப்பார்கள். பார்த்தவுடன் நம்மில் சிலருக்கு வருத்தம் வரும்: ஐரோப்பாவில் நம்முடைய குருமடங்கள் காலியாகக் கிடக்க, இவர்கள் அங்கே போய் எதைத் தேடுகிறார்கள்? வேறு சிலருக்குச் சிரிப்பு வரும்: நாலு நாள் வேடம் போட்டுவிட்டு ஊருக்குத் திரும்பிவிடுவார்கள்! இரண்டையும் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, அங்கே நடப்பது என்ன என்று பார்ப்போம்.

முதலில் அந்தச் சொல்லே சரியில்லை. குருப்பட்டம் என்றால் நமக்கு அது ஓர் அருளடையாளம். ஆயர் கைகளை விரித்து வைத்துச் செபித்து அருள்பொழிவு செய்கிறார். பட்டம் பெற்றவர் மக்களுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறார். புத்த துறவியான பிக்கு அப்படிப்பட்ட குரு அல்ல. கடவுளுக்கும் மனிதருக்கும் நடுவே நின்று பலி செலுத்தும் பணி அவருக்கு இல்லை. 'உபசம்பதா' எனப்படும் அவர்களுடைய சடங்கை நாம் ஒப்பிட வேண்டுமானால், துறவற சபைகளில் கொடுக்கப்படும் வார்த்தைப்பாட்டோடுதான் ஓரளவு ஒப்பிடலாம். அதிலும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

மேலைநாட்டவர் புத்த துறவியாவது நேற்று முளைத்த வழக்கம் அல்ல. 1900-களின் தொடக்கத்திலேயே பர்மாவில் சில ஐரோப்பியர்கள் துறவு பெற்றார்கள். அவர்களில் ஒருவர் பிற்காலத்தில் ஞானதிலோகர் என்று அறியப்பட்ட ஜெர்மானியர். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். இளம் வயதில் வீட்டை விட்டுப் புறப்பட்டு மரியா லாக் என்னும் ஆசீர்வாதப்பர் சபை மடத்தின் கதவைத் தட்டியவர். அங்கே நிலைக்கவில்லை. 1911-இல் இலங்கையின் தொடந்துவைக்கு அருகே ஏரிக்குள் இருக்கும் தீவில் ஓர் ஆசிரமம் தொடங்கி, 1957-இல் இறக்கும்வரை துறவியாகவே வாழ்ந்தார்.

தாய்லாந்தில் இந்த வரவு 1950-களில் தொடங்கியது. 1954-இல் ஆங்கிலேயர் ஒருவர் பாங்காக்கின் வாட் பாக்நாம் கோயிலில் பிக்குவானார். 1956-இல் அதே கோயிலில் துறவு பெற்றவர்களில் ஒருவர் பஞ்ஞாவத்தோ. நமக்கு அவரிடம் ஒரு சிறு சொந்தம் உண்டு. அவர் பிறந்தது 1925-இல், தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் உழைத்த கோலார் தங்கவயலில்! பெற்றோர் வேல்ஸ் நாட்டவர். மின்பொறியாளராக இருந்த அவர் 1963-இல் தாய்லாந்தின் வடகிழக்கில் உள்ள ஒரு காட்டு மடத்துக்குச் சென்று, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே தங்கி, 2004-இல் அங்கேயே இறந்தார். நாலு நாள் வேடம் என்று யார் சொல்ல முடியும்?

அந்த வடகிழக்குப் பகுதிக்கு ஈசான் என்று பெயர். வறண்ட நிலம், ஏழை விவசாயிகள். அங்கே உபோன் மாநிலத்தில் 1954-இல் அஜான் சா என்ற துறவி காட்டுக்குள் ஒரு மடம் அமைத்தார். 'அஜான்' என்பது நம்முடைய ஆசாரியர் என்ற சொல்தான். 1967-இல் அவரைத் தேடி ஓர் அமெரிக்கர் வந்தார். கடற்படையில் பணியாற்றி, பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்து, போர்னியோவில் ஆங்கிலம் கற்பித்துவிட்டு வந்தவர். சுமேதோ என்பது அவருடைய துறவுப் பெயர். குருவுக்கு ஆங்கிலம் தெரியாது. சீடருக்கு மொழி சரியாகப் பிடிபடவில்லை. உங்களுக்காக இங்கே எதையும் மாற்ற மாட்டேன், நீங்கள்தான் எங்கள் வழக்கத்துக்கு மாற வேண்டும் என்ற பொருளில் அஜான் சா அவரிடம் சொன்னதாக அந்த மடத்தில் நினைவுகூர்கிறார்கள். ஆள் கிடைத்தால் போதும் என்று சலுகைகளை அடுக்காத அந்தப் போக்கை நான் மதிக்கிறேன்.

1975-இல் வெளிநாட்டுத் துறவிகள் சிலர், துருப்பிடிக்காதபடி தங்கள் பிச்சைப் பாத்திரங்களை நெருப்பில் சுட்டெடுக்க விறகு தேடி, புங் வாய் என்னும் கிராமத்துக் காட்டுக்குப் போனார்கள். ஊரார் பிணம் எரிக்கும் காடு அது. பேய் இருக்கிறது என்று பயந்து யாரும் அங்கே தங்க மாட்டார்கள். துறவிகள் தங்கினார்கள். ஊரார் வந்து, நீங்கள் இங்கேயே இருந்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். அப்படிப் பிறந்ததுதான் 'வாட் பா நானாசாட்' மடம். வாட் என்றால் கோயில், பா என்றால் காடு. நானாசாட் என்பது வேறொன்றும் அல்ல, 'நானா ஜாதி'. அதாவது பல நாட்டவர். அங்கே பயிற்சி ஆங்கிலத்தில் நடக்கிறது. மடத்தலைவர்களும் வெளிநாட்டவரே. இந்தப் பரம்பரையிலிருந்துதான் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் கிளை மடங்கள் தோன்றின.

அங்கே போய் 'எனக்குத் துறவு கொடுங்கள்' என்று கேட்டவுடன் கொடுத்துவிடுவார்களா? மாட்டார்கள். மூன்று நாளுக்கு மேல் தங்க விரும்பும் ஆண்கள் தலைமுடியை, தாடியை, புருவத்தைக்கூட மழித்துக்கொள்ள வேண்டும் என்பது அந்த மடத்தின் வழக்கம். இது விருந்தினருக்கே! துறவை நாடுகிறவர் வெள்ளை உடை உடுத்தி எட்டு ஒழுக்கங்களை ஏற்றுச் சில மாதங்கள் பணிவிடை செய்வார். நண்பகலுக்குப் பின் உணவில்லை. விடியுமுன் மூன்று மணிக்கே எழ வேண்டும். பிறகு காவி பெற்று, பத்து ஒழுக்கங்களோடு சாமணேரராக ஏறத்தாழ ஓராண்டு. அதன் பின்னரே 227 விதிகளை ஏற்கும் பிக்கு நிலை. அதோடும் முடியவில்லை, முதல் ஐந்து ஆண்டுகள் ஓர் ஆசிரியரின் கீழ்தான் வாழ வேண்டும். தியானம் கற்று மன அமைதி பெறலாம் என்று வந்தவர்கள், கூட்டிப் பெருக்குவதையும் கிணற்றில் நீர் இறைப்பதையும் மூத்தவருக்குக் கீழ்ப்படிவதையும் கண்டு திகைத்துப்போவது உண்டு.

உபசம்பதா நாளில் நடப்பதுதான் என்னை மிகவும் சிந்திக்க வைக்கிறது. எல்லைக்கல் நட்டு வரையறுத்த இடத்துக்குள்தான் அது நடக்க வேண்டும். அந்த எல்லைக்குச் 'சீமா' என்று பெயர். நம் ஊர்ச் 'சீமை' அதே சொல். நடத்திவைப்பவர் 'உபஜ்ஜாயர்', அதாவது உபாத்தியாயர். அந்தச் சொல்தான் தேய்ந்து தேய்ந்து நம்மிடம் வாத்தியார் ஆயிற்று. வேட்பாளரை நிற்கவைத்துப் பாலி மொழியில் கேள்விகள் கேட்கிறார்கள். ஆழ்ந்த தத்துவக் கேள்விகளாக இருக்கும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். தொழுநோய் உண்டா? காசநோய் உண்டா? வலிப்பு உண்டா? நீ மனிதன்தானா? கடன் இருக்கிறதா? அரசனின் சேவகத்தில் இருக்கிறாயா? தாய் தந்தையின் சம்மதம் உண்டா? இருபது வயது நிறைந்துவிட்டதா? பாத்திரமும் ஆடையும் தயாராக உள்ளனவா?

ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கதை இருக்கிறது. துறவிகளுக்கு இலவசமாக மருத்துவம் பார்த்த ஜீவகர் என்னும் வைத்தியரிடம் குணமாவதற்காகவே சிலர் காவி உடுத்தினார்களாம். போருக்குப் போகப் பயந்த படைவீரர்களும், கடன்காரரிடமிருந்து தப்பியவர்களும் மடத்துக்குள் ஒளிந்தார்களாம். மனித உருவில் வந்து துறவு பெற்ற ஒரு நாகத்தின் கதையும் உண்டு. அதனால்தான் தாய்லாந்தில் இன்றும் வேட்பாளரை 'நாக்' என்று அழைக்கிறார்கள். வெளிநாட்டுக் கல்லூரியில் பட்டம் பெற்று வந்தவரும் இந்தக் கேள்விகளுக்குத்தான் பதில் சொல்ல வேண்டும்.

பெற்றோர் பற்றிய கேள்வியின் கதை இன்னும் நெஞ்சைத் தொடுவது. புத்தர் சுத்தோதன மன்னரின் மகன். அவர் வீட்டைத் துறந்து போனார். பிறகு இன்னொரு மகன் நந்தனும் போனார். கடைசியில் சிறுவனான பேரன் ராகுலனுக்கும் துறவு கொடுத்துவிட்டார்கள். அப்போது அந்த முதியவர் தம் மகனிடமே வந்து ஒரு வரம் கேட்டாராம்: இனிமேல் பெற்றோர் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளைக்கும் துறவு கொடுக்காதீர்கள். அப்படியே விதி ஆயிற்று என்று அவர்களுடைய விநய நூல் சொல்கிறது.

தாய்லாந்துக் குடும்பங்களுக்கு இது பெரிய துயரம் அல்ல. அங்கே மகன் ஒரு மழைக்காலம் மட்டும் துறவியாக இருந்துவிட்டு வீடு திரும்புவது ஊர் வழக்கம். மன்னர் பூமிபால் 1956-இல் பதினைந்து நாள் பிக்குவாக இருந்தார். மகனின் காவித் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பெற்றோர் விண்ணுலகம் போவார்கள் என்று அங்கே நம்புகிறார்கள். ஆனால் சுவீடனிலோ கனடாவிலோ இருக்கும் ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். அவருக்கு அந்த நம்பிக்கையும் இல்லை, அந்த வழக்கமும் தெரியாது. பேரப்பிள்ளைகளை எதிர்பார்த்திருந்தவரிடம் மகன் சம்மதம் கேட்கிறான். யாழ்ப்பாண வம்சாவளியில் வந்த மலேசியப் பெருந்தொழிலதிபர் ஆனந்த கிருஷ்ணன் 2024-இல் காலமானார். கோடிக்கணக்கான சொத்து. அவருடைய மகன் இளமையிலேயே இந்தக் காட்டு மடங்களில் துறவியானவர். தந்தை தடுக்கவில்லை. ஒரே பிள்ளையைக் குருமடத்துக்கோ கன்னியர் மடத்துக்கோ அனுப்பிவிட்டுப் பேருந்து நிலையத்தில் நின்ற பெற்றோர் நம் பங்குகளிலும் இருக்கிறீர்கள். இந்தக் கேள்வியின் கனம் உங்களுக்குத்தான் சரியாகப் புரியும்.

கேள்விகள் முடிந்ததும், இவரைச் சங்கத்தில் சேர்க்கலாம் என்ற அறிவிப்பு ஒருமுறை செய்யப்படுகிறது. பிறகு மூன்று முறை கேட்கிறார்கள்: உடன்பாடு உள்ளவர் மௌனமாக இருக்கட்டும், இல்லாதவர் பேசட்டும். நம் கோயிலில் மூன்று ஞாயிறு திருமண ஓலை வாசிப்பது நினைவுக்கு வரவில்லையா? அமர்ந்திருக்கும் துறவிகளில் ஒருவர் மறுத்தாலும் காரியம் நின்றுவிடும். எவ்வளவு ஆர்வத்தோடு எத்தனை ஆயிரம் மைல் கடந்து வந்திருந்தாலும், துறவை ஒருவர் தானாக எடுத்துக்கொள்ள முடியாது. மற்றவர்கள் கொடுக்க வேண்டும்.

மறுநாள் காலையில் அது இன்னும் தெளிவாகத் தெரியும். காட்டு மடத்துப் பிக்கு பணத்தைத் தொடக்கூடாது, சமைக்கக்கூடாது, உணவைச் சேமிக்கக்கூடாது. விடியற்காலையில் வெறுங்காலோடு பாத்திரம் ஏந்தி ஊருக்குள் நடக்கிறார். ஈசான் கிராமத்துப் பெண்கள் வாசலில் மண்டியிட்டு, அவித்த ஒட்டரிசிச் சோற்றை உருண்டையாகப் பிடித்துப் பாத்திரத்தில் இடுகிறார்கள். அந்த நாளைக்கு ஒருவேளை உணவு அதுதான். வசதியான நாட்டில் பிறந்தவரை ஏழை விவசாயி சோறிட்டு வளர்க்கிறார். தாங்கள் இட்ட சோறு வீணாகிறதா இல்லையா என்று ஊராரும் கவனித்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

எல்லாம் இப்படியே இருக்கிறது என்று சொல்ல முடியாது. சுற்றுலாப் பயணிகளுக்குச் சில வாரத் துறவு கொடுக்கும் இடங்களும் உண்டு. 2025 ஜூலையில் ஒரு பெண்ணோடு கொண்ட தொடர்பும் பணப் பரிமாற்றமும் வெளிப்பட்டு, தாய்லாந்தின் மூத்த துறவிகள் பலர் காவியைக் களைய நேர்ந்தது. கல்லெறியும் நிலையில் நாமும் இல்லை. பெண்களுக்குத் தாய்லாந்துச் சங்கம் பிக்குணிப் பட்டம் கொடுப்பதில்லை. 1928-இல் போடப்பட்ட தடை அது. 2009-இல் ஆஸ்திரேலியாவில் அஜான் பிரம் நான்கு பெண்களுக்குப் பிக்குணித் துறவு கிடைக்கச் செய்தபோது, அஜான் சாவின் தாய்மடம் அவரோடு உறவை முறித்துக்கொண்டது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட, கிறிஸ்தவம் அல்லாத சமயங்கள் பற்றிய அறிக்கை புத்த சமயத்தைப் பெயர் சொல்லி மதிப்போடு குறிப்பிடுகிறது. அதற்கு மூன்றாண்டு கழித்து, அமெரிக்கத் துறவி தாமஸ் மெர்ட்டன், ஆசியத் துறவியரைச் சந்திக்கப் புறப்பட்டு வந்த பயணத்தில், பாங்காக் அருகே இறந்தார். மதித்துக் கற்பது வேறு, எல்லாம் ஒன்றே என்று குழப்பிக்கொள்வது வேறு. படைத்தவரைப் பற்றியும் அருளைப் பற்றியும் அவர்கள் நம்மைப்போல் பேசுவதில்லை. அதை மறைக்கத் தேவையில்லை.

தொடக்கத்தில் நான் குறிப்பிட்ட வேறுபாடு இதுதான். நம்மிடம் குருத்துவம் அழியாத முத்திரை. பணியிலிருந்து விலகினாலும் அது ஆன்மாவை விட்டு நீங்காது. துறவியர் நித்திய வார்த்தைப்பாடு கொடுக்கிறார்கள். பிக்குவோ வாழ்நாள் முழுவதும் என்று வாக்களிப்பதில்லை. புரிந்துகொள்ளக்கூடிய ஒருவர் முன்னால், பயிற்சியைக் கைவிடுகிறேன் என்று தெளிவாகச் சொன்னால் போதும், அவர் இல்லறத்தார். அதை ஊர் பழிப்பதில்லை. வெளிநாட்டவர்களில் அப்படித் திரும்புகிறவர்கள் பலர். சுவீடனைச் சேர்ந்த பியோர்ன் லிண்டெப்ளாட் நிறுவன அதிகாரி வேலையை உதறிவிட்டு வந்து, பதினேழு ஆண்டுகள் பிக்குவாக இருந்தார். பின்னர் காவியைக் களைந்து தாய்நாடு திரும்பியபோது கையில் பணம் இல்லை, வேலை இல்லை. ஓராண்டுக்கு மேல் கடும் மனச்சோர்வில் கிடந்தார். பிறகு மெல்ல எழுந்து, ஊர் ஊராகச் சென்று மக்களிடம் பேசத் தொடங்கினார். தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நோய் தாக்கி 2022 ஜனவரியில் அவர் இறந்தபோது, சுவீடனில் அவரை அறியாதவர் குறைவு.