கறுப்பெண்ணெய்க் கறையும் வாசல் ஆணியும்



ஒரு வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறார் என்று தெரிய வேண்டுமா? அவரிடம் கேட்கவே வேண்டாம். அந்த வீட்டுத் துணிக்கொடியைப் பார்த்தால் போதும்.

நான் தோட்டத்து லயத்தில் பிறந்து, தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்தவன். அன்று எங்கள் லயத்துக் கொடிகளில் தொங்கியதெல்லாம் கித்தாப் பால் பட்டுக் காய்ந்து, கறுத்து, விறைத்துப் போன உடுப்புகள்தாம். என் அம்மா பால்மரக் காட்டிலிருந்து வந்ததும், முதல் வேலையாக அந்த உடுப்பை மாற்றி வாசலுக்கு வெளியே அடித்திருந்த ஓர் ஆணியில் மாட்டுவார். "காட்டு உடுப்பு வெளியவே கெடக்கட்டும். புள்ளைங்க படுக்கிற எடத்துக்கு வரக் கூடாது" என்பார். எழுதப் படிக்கத் தெரியாத அந்தத் தாய் போட்ட சட்டம் அது. படித்த நாம் அதை மறந்துவிட்டோம்.

அந்தத் தோட்டங்களில் பல இன்று இல்லை. சுங்கை ரெங்கம் தோட்டம் ஷா ஆலம் நகரமாயிற்று. சீபீல்ட் தோட்டம் சுபாங் ஜெயாவாயிற்று. லயத்துப் பிள்ளைகள் கிளாங்கில் லாரிப் பட்டறைக்கும், துறைமுகத்துக்கும், கோலாலம்பூரில் மோட்டார் கடைகளுக்கும் போனார்கள். தோட்டத்திலேயே தங்கியவர்களிலும் டிராக்டர் ஓட்டுகிறவர், செம்பனை ஆலையில் யந்திரம் பார்க்கிறவர் என்று எத்தனையோ பேர். அதற்கும் முன்பே, பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸ்களில் குடியிருந்த நம்மவர்களும், செந்தூல் ரயில் பட்டறையில் உழைத்தவர்களும் கிரீஸ் கறையோடுதான் வீடு திரும்பினார்கள். 2001-ல் திறக்கப்பட்ட கே.எல். சென்ட்ரல் நிலையம் நிற்பதே அந்தப் பழைய ரயில்வே யார்டில்தான்.

பால் கறை போய்க் கறுப்பெண்ணெய்க் கறை வந்தது. அந்தக் கறையைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறேன். "இதென்ன, தொழிற்சங்கக்காரன் துணி துவைக்கச் சொல்லித் தர வந்துட்டானா?" என்று சிரிக்காதீர்கள். படித்து முடித்தபின் சிரிப்பு வந்தால் சிரியுங்கள்.

அக்காவின் கைகள்

கிளாங்கில் இருக்கும் என் அக்கா வீட்டுக்கு ஒரு முறை போயிருந்தேன். மச்சான் லாரிப் பட்டறையில் வேலை. கோப்பி கலக்கிக் கொண்டுவந்த அக்காவின் கைகளைப் பார்த்தேன். விரலெல்லாம் வெடித்து, ரத்தம் கட்டியிருந்தது.

"என்னாக்கா இது?"

"ஒண்ணுமில்ல தம்பி. மச்சானோட சட்டையைப் பெட்ரோல்ல ஊறவச்சித் தொவைக்கிறேன். அப்பதான் கிரீஸ் போகுது."

"எங்க வச்சித் தொவைக்கிறீங்க?"

"குளிக்கிற ரூம்ல."

குளிக்கும் அறைக்கும் கேஸ் அடுப்புக்கும் நடுவே நாலடி தூரம் இருந்தால் அதிகம். எனக்கு நெஞ்சே நின்றுவிட்டது.

தோழர்களே, பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது மேலே போகாது. தண்ணீர் போலத் தரையோடு ஊர்ந்து போகும். அடுப்போ, சுவிட்சுப் பொறியோ, சுருட்டு நெருப்போ எங்கே கிடைத்தாலும் பற்றிக்கொண்டு, வந்த வழியே வாளிக்குத் திரும்பும். இன்னும் ஒன்று: பெட்ரோலில் பென்சீன் என்ற பொருள் உண்டு. ரத்தப் புற்றுநோயை உண்டாக்குவது அது. மேல்தோலில் இருக்கும் எண்ணெய்ப் பசையைப் பெட்ரோல் உறிஞ்சிவிடுவதால்தான் கைகள் அப்படி வெடிக்கின்றன. ஆகவே பெட்ரோலில் துணி துவைக்காதீர்கள், கையும் கழுவாதீர்கள். பெட்ரோல் நனைந்த துணியை வாஷிங் மெஷினில் போடவே கூடாது. மூடிய தொட்டிக்குள் ஆவி சேர்ந்து வெடிக்கும்.

மண்ணெண்ணெய் கதை வேறு. அதை நம் வீடுகளில் பழைய ஆரஞ்சுப் பாட்டிலில் ஊற்றி மூலையில் வைப்பார்கள். தாகமெடுத்த பிள்ளை எடுத்துக் குடித்துவிடும். அப்படி நடந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தியோடு எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும், ஆபத்தே அதுதான். உடனே 999-க்குப் பேசுங்கள், அல்லது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

கறை போக்கும் முறை

சரி, பெட்ரோல் வேண்டாமென்றால் வேறென்ன செய்வது? அக்காவும் இதையேதான் கேட்டார். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில், கிரீஸ் பட்டதும் தண்ணீரை ஊற்றிக் கசக்காதீர்கள். கசக்கினால் கறை நூலுக்குள் இறங்கிப் பரவும். கட்டியாக இருப்பதைக் கரண்டி முனையால் வழித்தெடுங்கள். துணிக்கு அடியில் ஒரு பழந்துணியை வையுங்கள். புதுக் கறையானால் மரவள்ளி மாவையோ முகப்பவுடரையோ கனமாகத் தூவி, அரை மணி நேரம் விடுங்கள். மாவு எண்ணெயைக் குடித்துக்கொள்ளும். பிறகு தட்டிவிடுங்கள்.

அடுத்து, பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணியைக் கறையின் மேல் அப்படியே ஊற்றுங்கள். துணி காய்ந்திருக்கும்போதே ஊற்ற வேண்டும். முதலில் நனைக்கக் கூடாது. பழைய பல் பிரஷ்ஷால் ஓரத்திலிருந்து நடுவுக்குத் தேய்த்து, கால் மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு, துணி தாங்கும் அளவு சூடான தண்ணீரில் அலசுங்கள். பருத்தித் துணி நல்ல சூட்டைத் தாங்கும். பாலியஸ்டர் அவ்வளவு தாங்காது. எண்ணெயையும் அது லேசில் விடாது. அதற்கு இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டி வரும்.

காய்ந்து இறுகிப்போன பழைய கிரீஸ் என்றால், அதன் மேல் கொஞ்சம் சமையல் எண்ணெய் விட்டுத் தேயுங்கள். "எண்ணெய்க் கறைக்கு எண்ணெயா?" என்று கேட்பீர்கள். ஆமாம். முள்ளை முள்ளால் எடுப்பது போல, இறுகின எண்ணெயைப் புது எண்ணெய் இளக்கிவிடும். இளகியபின் சோப்புத் தண்ணி போட்டு இரண்டையும் சேர்த்து எடுத்துவிடலாம்.

கறை முழுதும் போனதா என்று வெளிச்சத்தில் பார்க்காமல் வெயிலில் காயப் போடாதீர்கள்; இஸ்திரியும் போடாதீர்கள். சூடு பட்டால் மிச்சக் கறை துணியோடு நிலைத்துவிடும். போகவில்லையென்றால் ஈரத்தோடேயே இன்னொரு முறை செய்யுங்கள்.

வெளுக்கும் குளோராக்ஸ் எண்ணெய்க்கு உதவாது, துணிதான் இற்றுப்போகும். அதைக் கக்கூஸ் கழுவும் மருந்தோடு கலந்தால் நச்சுப் புகை கிளம்பும். எலுமிச்சைச் சாறு துருக்கறைக்கு நல்லது, கிரீஸுக்கு அல்ல.

பட்டணத்தில் இப்போது காசு போட்டுத் துவைக்கும் கடைகள் நிறைய வந்துவிட்டன. சமையல் எண்ணெயோ செம்பனை எண்ணெயோ ஊறிய துணியை அங்கே சூட்டில் உலர்த்தி, சூடு ஆறாமல் குவித்து வைக்காதீர்கள். யாரும் நெருப்பு வைக்காமலே அது தானாகப் பற்றிக்கொள்ளும். ஆலையில் எண்ணெய் துடைத்த கந்தலுக்கும் இதே கதைதான். மூடியுள்ள தகரத் தொட்டியில் போடுங்கள்.

நாம் வெட்டிய பழம்

சோப்பு எப்படி எண்ணெயை எடுக்கிறது என்று பள்ளியில் வாத்தியார் சொன்னது நினைவிருக்கிறது. சோப்பின் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும். மறு முனை தண்ணீரைப் பிடிக்கும். கறையைச் சின்னச் சின்ன உருண்டையாக்கித் தண்ணீரோடு இழுத்துப் போகும்.

அந்தச் சோப்பு எதிலிருந்து வருகிறது? செம்பனை எண்ணெயிலும், அதன் கொட்டை எண்ணெயிலும் செய்யும் சோப்பு இன்று உலகெங்கும் விற்கிறது. இந்த நாட்டில் வியாபாரத்துக்காக முதன்முதலில் செம்பனை நட்டது 1917-ல், சிலாங்கூர் தென்னமரம் தோட்டத்தில். ஆக, நம் சட்டைக் கறையை எடுப்பதும் நம்மைப் போன்ற தோட்டத்து ஆள் வெட்டித் தோளில் சுமந்த பழம்தான். அதை எண்ணிக் கொஞ்சம் பெருமைப்படலாம், தப்பில்லை.

தோலில் ஊறும் கறை

இனிதான் முக்கியமான செய்தி. சட்டையில் தெரியும் கறை வெட்கக்கேடு என்று நினைக்கிறோம். ஆனால் பயப்பட வேண்டியது, சட்டையைத் தாண்டித் தோலுக்குள் ஊறும் கறைக்குத்தான்.

இங்கிலாந்தில் லங்காஷயர் என்ற ஊர்ப்பக்கம் பஞ்சு நூற்கும் ஆலைகள் இருந்தன. யந்திரத்திலிருந்து தெறித்த தாது எண்ணெய் அங்கே நூற்ற ஆண்களின் கால்சட்டையில் நாள் முழுக்க ஊறியது. வருஷக்கணக்கில் அப்படி ஊறியதால் பலருக்கு விதைப்பைத் தோலில் புற்றுநோய் வந்தது. மான்செஸ்டர் டாக்டர்கள் 1922-ல் இதை எழுதி வெளிப்படுத்தினார்கள். அதன்பின் முப்பது வருஷம் கழித்து, 1953-ல்தான் அங்கே இதற்கென்று தனி விதிகள் வந்தன. எத்தனை உயிர் போனபின் வந்த விதிகள்!

இன்றைய புது எண்ணெய்கள் நன்றாகச் சுத்திகரித்தவை. ஆனால் ஓடிக் கறுத்த பழைய எஞ்சின் எண்ணெய் அப்படியல்ல. எரிந்த நஞ்செல்லாம் அதில் சேர்ந்திருக்கும். எண்ணெய்க் கந்தலைச் சிலுவார் பைக்குள் திணித்துக்கொண்டு நாள் முழுக்க நடக்கிறோமே, அது தொடையோடு ஒட்டிய நஞ்சல்லவா? அந்தப் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். ஊறிய உடுப்பை அன்றன்றே மாற்றுங்கள். சோப்புப் போட்டுக் குளியுங்கள். பிள்ளை உடுப்போடு சேர்த்துத் துவைக்காதீர்கள். தோலில் ஆறாத புண்ணோ, மருவோ, தடிப்போ கண்டால் வெட்கப்படாமல் டாக்டரிடம் காட்டுங்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்பதையும் கட்டாயம் சொல்லுங்கள். வேலையால் வந்த நோய்க்குப் பெர்கேசோவில் கேட்பதற்கு வழி உண்டு.

சோப்புக் காசு யாருடையது?

இப்போது கணக்குக்கு வருவோம். சட்டை முதலாளி வேலைக்காகக் கறையாகிறது. அந்தக் கறையைப் போக்கும் சோப்பு யார் காசு? தண்ணீர் யார் காசு? ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் குனிந்து தேய்க்கும் மனைவியின் உழைப்புக்கு எந்தச் செக்ரோலில் பேர் போட்டார்கள்?

1994-ம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. 514-ம் சட்டம் என்பார்கள். 2024 ஜூன் 1 முதல் அது ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் விரிந்திருக்கிறது. சின்னப் பட்டறையும் அதில் அடக்கம். தொழிலாளியின் பாதுகாப்புக்காக அந்தச் சட்டப்படி முதலாளி கொடுக்க வேண்டிய எதற்கும் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது என்று அதன் 26-ம் பிரிவு சொல்கிறது. 1955-ம் ஆண்டு வேலைச் சட்டமும் மனம்போனபடி சம்பளத்தில் பிடிக்க இடம் தருவதில்லை. கையுறைக்கும் பாதுகாப்பு உடுப்புக்கும் உங்கள் சம்பளத்தில் பிடித்திருந்தால், சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு சங்கத்துக்கு வாருங்கள்.

இதெல்லாம் சின்ன விஷயம் என்று சிலர் சொல்வார்கள். இதே கிளாங் வட்டாரத்தில் 1941-ல் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது கேட்டவற்றுள் ஒன்று என்ன தெரியுமா? துரைக்கும் கிராணிக்கும் முன்னால் சைக்கிளிலிருந்து இறங்காமல் ஓட்டிப் போகும் உரிமை! அன்று அதுவும் சின்ன விஷயமாகத்தான் தோன்றியிருக்கும். ஆனால் மனிதனின் மானம் அதில்தானே இருந்தது?

ஆகவே கிளைக் கூட்டத்தில் மூன்றே மூன்று கேளுங்கள். ஆளுக்கு மாற்றி உடுத்த இரண்டு ஓவரால். வேலையிடத்திலேயே கை கழுவவும் குளிக்கவும் சோப்பும் தண்ணீரும். ஊறிய உடுப்பு வீட்டுக்கு வராமல் அங்கேயே துவைத்துத் தர ஏற்பாடு. தனியாளாகக் கேட்டால் முறைப்பார்கள். சேர்ந்து கேட்டால் உட்காரச் சொல்வார்கள்.

அது கிடைக்கும்வரை வாசலுக்கு வெளியே ஓர் ஆணி அடியுங்கள். ஐந்து காசு ஆணி போதும். வேலை உடுப்பு அங்கேயே தொங்கட்டும். அக்கா வீட்டில் நானே அடித்துவிட்டு வந்தேன். போன மாதம் போனபோது அக்காவின் கைப்புண் ஆறியிருந்தது. மச்சான் மட்டும் இன்னும் சில நாள் மறந்துபோய் உடுப்போடேயே உள்ளே வந்துவிடுகிறாராம்.

"வாசல்லயே நிக்க வச்சிடறேன் தம்பி" என்று சிரித்தார் அக்கா.