மாவுப்பூச்சியின் மெழுகுச் சட்டையைக் கழற்றும் பைன் பிசின்

விழுப்புரம், திண்டிவனம் பகுதியில் கொய்யா, கத்தரி, பப்பாளி பயிரிடும் விவசாயிகளுக்கு வெயில் ஏற ஏற வரும் தலைவலி மாவுப்பூச்சி. டேங்க் டேங்காக மருந்து அடித்தாலும், பூச்சியின் மேலுள்ள வெள்ளை மெழுகில் பட்டு, சேப்பங்கிழங்கு இலையில் விழுந்த தண்ணீர் போல உருண்டு ஓடிவிடுகிறது. காசு போகிறது, பூச்சி போவதில்லை. இந்த இடத்தில்தான் மலைநாட்டு மரம் ஒன்றின் பிசின் கைகொடுக்கிறது.

காயத்துக்கு மரமே போடும் மருந்து

ஊசியிலை மரமான பைன், பட்டையில் வெட்டுப் பட்டால் பிசினை வடித்துக் காயத்தை அடைத்துக்கொள்ளும். துளைக்க வரும் வண்டும் அதில் சிக்கிக்கொள்ளும். இமாச்சலப் பிரதேசம், உத்தரகாண்ட் மலைகளில் 'சிர்' பைன் மரங்களில் இந்தப் பிசினை வடிக்கிறார்கள். அதைக் காய்ச்சினால் ஆவியாகி வருவது டர்பன்டைன். அடியில் தங்குவது ரோசின்.

டர்பன்டைனில் உள்ள முக்கியப் பொருள் பைனீன். கோயிலில் ஏற்றும் கற்பூரத்தில் பெரும்பகுதி இப்போது இதிலிருந்துதான் தயாராகிறது. ரோசினில் இருப்பவை அபீட்டிக் அமிலம் முதலான பிசின் அமிலங்கள். இவை காரத்துடன் சேர்ந்தால் ஒட்டும் தன்மையுள்ள சோப்பாகிவிடும்.

நம்மூர்ச் சவுக்கு பார்வைக்கு ஊசியிலை மரம் போல இருந்தாலும் பைன் இனம் அல்ல. அதில் இந்தப் பிசின் கிடைக்காது. ஆனால், வானூர் வட்டம் திருவக்கரையில் சுமார் 2 கோடி ஆண்டு பழமையான கல்மரங்களில் ஊசியிலை வகை மரங்களும் உண்டு.

எப்படித் தெளிப்பது?

மீன் எண்ணெய் ரோசின் சோப்பு என்று கேட்டு வாங்க வேண்டும். லிட்டருக்கு 25 கிராம் அளவு. 10 லிட்டர் டேங்குக்கு 250 கிராம். முதலில் கொஞ்சம் வெதுவெதுப்பான நீரில் கரைத்து, வடிகட்டி, பிறகு மீதித் தண்ணீரைச் சேர்க்கவும். கரைசல் மெழுகை இளக்கி, பூச்சியின் மூச்சுத் துளைகளை அடைக்கும். பூச்சியின் மேல் நேரே பட்டால்தான் பலன். எனவே இலையின் அடிப்புறம், கணு, காம்பு நன்றாக நனைய வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

* உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த போர்வெல் தண்ணீரில் சோப்பு திரிந்துவிடும். நுரைக்கும் நல்ல தண்ணீரே வேண்டும்.
* போர்டோ கலவையுடன் கலக்கக் கூடாது.
* மாலையில் தெளிக்கவும். முதலில் நாலைந்து செடியில் அடித்து, இலை கருகாததைப் பார்த்த பிறகே வயல் முழுக்கத் தெளிக்கவும்.
* அதிகம் தாக்கிய கிளைகளை வெட்டி எரிக்கவும். மாவுப்பூச்சியைக் காக்கும் எறும்பையும் கட்டுப்படுத்தவும்.

நண்பனைக் கொல்ல வேண்டாம்

கிரிப்டோலீமஸ் பொறிவண்டின் புழுவும் வெள்ளை மாவு பூசியதுபோலவே இருக்கும். ஆனால் அது மாவுப்பூச்சியைத் தின்னும் நண்பன். வேகமாக நகர்வதை வைத்து அடையாளம் காணலாம். அது மிகுதியாக இருந்தால் தெளிப்பே வேண்டாம். 2008-ல் கோவையில் தென்பட்டுத் தமிழகத்தையே மிரட்டிய பப்பாளி மாவுப்பூச்சியை அடக்கியது விஷ மருந்து அல்ல. 2010-ல் இறக்குமதி செய்து விடப்பட்ட அசெரோபேகஸ் என்ற சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவிதான்.