கார்டு போனஸ்: உங்கள் தகுதியைத் தீர்மானிக்கும் நான்கு இலக்க எண்

தீபாவளி சமயத்தில் வாங்கிய கிரெடிட் கார்டுகளில் பலவற்றுக்கு 90 நாள் கெடு இந்த மாதத்தோடு முடிகிறது. சொன்ன தொகையைச் சொன்ன நாளுக்குள் செலவழித்தும் வரவேற்பு போனஸுக்குத் தகுதியில்லை என்று பதில் வருவதாக புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் பக்கத்து வாசகர்கள் தொடர்ந்து எழுதுகிறார்கள். ஸ்டேட்மென்டைக் கூட்டிப் பார்த்தால் தொகை சரியாகத்தான் இருக்கிறது, பிறகு எங்கே இடிக்கிறது என்பதுதான் எல்லோர் கேள்வியும்.

இடிக்கும் இடம், விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் வரும் ‘தகுதியுள்ள செலவு’ என்ற சொற்களில் இருக்கிறது. எந்தச் செலவுக்குத் தகுதி உண்டு என்பதை வங்கி எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒரு கடைக்கு கார்டு மெஷின் கொடுக்கும் வங்கி, அந்தக் கடைக்கு நான்கு இலக்கத்தில் ஒரு வணிக வகைக் குறியீட்டையும் கொடுக்கிறது. பெட்ரோல் பங்குக்கு 5541, மளிகை சூப்பர் மார்க்கெட்டுக்கு 5411, நகைக்கடைக்கு 5944, வீட்டு வாடகைக்கு 6513 என்று உலகம் முழுக்கப் புழங்கும் பட்டியல் அது. நீங்கள் கார்டைத் தேய்த்ததும் தொகையோடு இந்த எண்ணும் உங்கள் வங்கிக்குப் போய்ச் சேர்கிறது. பையில் என்ன வாங்கிப் போட்டீர்கள் என்ற விவரம் போவதில்லை. பங்க் வளாகத்துக் கடையில் பிஸ்கட்டும் தண்ணீர் பாட்டிலும் வாங்கினாலும், மெஷின் பங்குடையது என்றால் அது எரிபொருள் செலவு. எரிபொருள், வாடகை, வாலட்டில் ஏற்றும் பணம், தவணையாக மாற்றிய செலவு போன்றவற்றைப் பல கார்டுகள் போனஸ் கணக்கில் சேர்ப்பதில்லை.

இந்த ஏற்பாட்டில் என்னை உறுத்துவது ஒன்றுதான். அந்த எண் கடை பில்லில் இருக்காது. மாதாந்திர ஸ்டேட்மென்டிலும் பெரும்பாலும் இருக்காது. கடைக்காரரைக் கேட்டால் அவருக்கும் தெரியாது. கடை தவறான வகையில் பதிவாகியிருந்தால் திருத்த வேண்டியது மெஷின் கொடுத்த வங்கி, போனஸை மறுப்பது கார்டு கொடுத்த வங்கி. நடுவில் நிற்கும் வாடிக்கையாளருக்கு இரண்டு பக்கமும் பிடி இல்லை. செலவழிக்கும் நேரத்தில் பார்க்கவே முடியாத ஒரு நிபந்தனைக்கு ஒருவர் சம்மதித்தார் என்று எப்படிச் சொல்வது?

வில்லியனூர், பாகூர் போன்ற கொம்யூன் பகுதிகளில் இன்னொரு பாதகமும் உண்டு. ரூபே கிரெடிட் கார்டை யு.பி.ஐ.யோடு இணைக்க 2022இல் வழி திறந்தது. அந்த வழியில் சிறு கடைகளில் செய்யும் 2,000 ரூபாய் வரையிலான செலவுக்கு வங்கி கடைக்காரரிடம் கட்டணம் வாங்க முடியாது. கார்டு தரும் ரிவார்டு பாயின்டுக்கான பணம் வருவதே அந்தக் கட்டணத்திலிருந்துதான். அதனால் இத்தகைய செலவுகளுக்குப் பாயின்ட் இல்லை என்று சில வங்கிகள் விதி வைத்திருக்கின்றன. பாகூர் கடைத்தெருவில் கியூ.ஆர். ஸ்கேன் செய்து 300, 500 என்று கொடுப்பவர் தோற்கிறார், நகரத்து மாலில் ஒரே தடவை தேய்ப்பவர் ஜெயிக்கிறார். இதைக் கார்டு விற்க வருபவர் சொல்வதில்லை.

எல்லாம் வெளிப்படை என்கிறது அதிகாரத் தரப்பு. ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் 21 அன்று வெளியிட்ட கார்டு நெறிமுறைகளின்படி வட்டி, கட்டண விவரங்களை விண்ணப்பத்தோடு ஒரு பக்கத்தில் தர வேண்டும், விதிமுறைகள் எளிய மொழியில் இருக்க வேண்டும். வட்டார மொழியிலும் இருப்பது விரும்பத்தக்கது என்று நிறுத்திக்கொண்டார்கள், கட்டாயமாக்கவில்லை. தமிழில் பேசி விற்ற கார்டுக்கு ஆங்கிலத்தில் நிபந்தனை என்பது இந்த இடைவெளியில்தான் நுழைகிறது.

அமெரிக்காவில் சொன்ன போனஸைத் தராத தகராறு வங்கிகளுக்கு எதிராக முடிந்திருக்கிறது. 2012 அக்டோபரில் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் சுமார் 8.5 கோடி டாலரைத் திருப்பித் தர நேர்ந்தது. 300 டாலர் போனஸ் உண்டு என்று நம்பவைத்துக் கொடுக்காதது அதில் ஒரு குற்றச்சாட்டு. 2023 ஜூலையில் பேங்க் ஆஃப் அமெரிக்கா சிக்கியது. நேரிலும் போனிலும் விண்ணப்பித்தவர்களுக்கு அறிவித்த போனஸைத் தராமல், பல்லாயிரம் பேரை விட்டுவிட்டதாக அந்நாட்டு நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு முகமை கண்டறிந்தது. வேறு முறைகேடுகளையும் சேர்த்து அபராதம் 15 கோடி டாலர், வாடிக்கையாளர்களுக்கு 10 கோடி டாலருக்கு மேல். ‘இந்தச் சலுகை ஆன்லைனில் விண்ணப்பித்தவர்களுக்கு மட்டும்’ என்று பதில் பெற்ற நம் வாசகர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டிலும், கார்டு விற்கும் ஏஜென்ட் தன் வேலையினூடே சொல்லும் பொய், அவரை அமர்த்தியவரே சொன்ன பொய்க்குச் சமம் என்று 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 238ஆம் பிரிவு சொல்கிறது. ஏஜென்ட் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை அழித்துவிடாதீர்கள்.

இங்கே வழக்கு போட்டால் வங்கி முதலில் நீட்டப்போவது 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை. கார்டு வட்டி 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற தேசிய நுகர்வோர் ஆணையத்தின் 2008 உத்தரவு அதில் ரத்தானது. இரு தரப்பும் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளை ஆணையம் திருத்தி எழுத முடியாது என்பது அதன் சாரம். ஆனால் வட்டி விகிதம் தாளில் அச்சாகி வருகிறது, கடையின் குறியீடு அப்படி வருவதில்லை. நம் வாதம் நிற்க வேண்டிய இடம் அது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் கைகொடுக்கும். பரிசு தருவதாக அறிவித்து, அறிவித்தபடி தரும் எண்ணமே இல்லாமல் இருப்பதை முறையற்ற வணிக நடைமுறை என்று அதன் 2(47) பிரிவு வகைப்படுத்துகிறது. அந்தப் புகாரைப் புதுச்சேரி மாவட்ட ஆணையத்திலேயே கொடுக்கலாம். நிபந்தனையே அநியாயம், அதைச் செல்லாது என்று அறிவியுங்கள் என்று கேட்பதானால் மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். மனுவில் இந்த இரண்டையும் குழப்பினால் ஆரம்பத்திலேயே தட்டிவிடுவார்கள்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

முதல் படி என்ன? எந்தெந்தச் செலவைக் கழித்தார்கள், எந்தக் குறியீட்டில் கழித்தார்கள் என்று வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள்.

ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாமா? 30 நாளில் வங்கி பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தி தராவிட்டாலோ போகலாம், கட்டணமில்லை. ஆனால் ‘வணிக முடிவு’ என்று வங்கி சொல்லித் தப்ப அங்கே இடமிருக்கிறது.

குறைதீர்ப்பாளர், நுகர்வோர் ஆணையம் இரண்டிலும் ஒரே சமயத்தில்? முடியாது.

வங்கியின் தலைமையகம் மும்பையில் இருந்தால்? நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்கு போடலாம்.

வக்கீல் வேண்டுமா? கட்டாயமில்லை.

கார்டை மூடச் சொல்லியும் மூடவில்லை? நிலுவை இல்லையென்றால் ஏழு வேலை நாளுக்குப் பிறகு தினமும் 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும்.

போனஸ் கெடு முடிந்துவிட்டால் எல்லாம் போச்சா? இல்லை, வழக்கு போட உங்களுக்கு இரண்டு ஆண்டு இருக்கிறது.