முகப்பருவுக்கு ஆசிட் பூசலாமா?



ஆசிட் என்ற சொல்லைக் கேட்டதும் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ரப்பர் ஸ்டோர்தான் நினைவுக்கு வரும். வாளி வாளியாக வந்து சேரும் பாலில் பார்மிக் ஆசிட்டைக் கலந்தால் பால் உறைந்து கட்டியாகிவிடும். ஆனால் சாடியில் இருக்கும் ஆசிட்டை யாரும் அப்படியே பாலில் ஊற்றுவதில்லை. முதலில் நிறையத் தண்ணீரில் கலந்து நீர்க்க வைத்த பிறகுதான் சேர்ப்பார்கள். சாடியில் உள்ளது கையில் தெறித்தால் தோல் வெந்துபோகும். முசுறு எறும்பு கடித்த இடம் சுள்ளென்று எரிவதும் இதே ஆசிட்டினால்தான். ஆக, ஆசிட் என்றால் அளவு முக்கியம் என்பதை நம் பெரியவர்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்று பேராக்கில் பல ரப்பர்க் காடுகள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயத்தை விட்டு வந்த குடும்பங்கள் ஈப்போ, சிம்மோர், சுங்கை சிப்புட் வட்டாரங்களில் குடியிருக்கின்றன. ஆசிட்டும் வேறு உருவத்தில் வீட்டுக்குள் வந்துவிட்டது. சிறு புட்டியில், 'சாலிசிலிக் ஆசிட்', 'கிளைகோலிக் ஆசிட்' என்ற பெயரோடு, பிள்ளைகளின் அலமாரியில் இருக்கிறது. ஆறாம் ஆண்டு முடித்துப் புகுமுக வகுப்புக்குப் போகும் வயதில்தான் பருவும் தொடங்குகிறது. வகுப்பில் படம் எடுக்கும் நாளன்று வயிற்றுவலி என்று வீட்டில் இருந்துவிடும் பிள்ளைகள் உண்டு. இதைச் சின்ன விஷயம் என்று பெற்றோர் தள்ளிவிடக் கூடாது.

பரு எப்படி வருகிறது? நம் தோலில் மயிர்க்கால் தோறும் எண்ணெய் சுரக்கும் பை ஒன்று இருக்கிறது. பருவ வயதில் அது அதிகமாகச் சுரக்கும். தோலின் மேற்பரப்போ ஏறத்தாழ நான்கு வாரத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. உதிர வேண்டிய பழைய செல்கள் உதிராமல் எண்ணெயோடு சேர்ந்து துளையை அடைத்துக்கொண்டால், உள்ளே கிருமி பெருகி வீக்கமும் சீழும் உண்டாகின்றன. மூக்கின் மேல் தெரியும் கரும்புள்ளி அழுக்கு அன்று; அடைப்பின் வாய் காற்றுப்பட்டுக் கறுத்திருக்கிறது, அவ்வளவுதான். அதனால் பீர்க்கங்கூட்டால் தேய்த்துக் கழுவினாலும் போகாது. தேய்க்கத் தேய்க்கத் தோல்தான் புண்ணாகும். தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெய் நெற்றியில் வழிந்தாலும் அங்கே பரு கூடும். எண்ணெய் வைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. நெற்றியில் வழியாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இந்த இடத்தில்தான் ஆசிட் உதவுகிறது. பழைய செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருக்கும் பசையை அது மெல்ல இளக்குகிறது. சாலிசிலிக் ஆசிட் எண்ணெயில் கரையும் தன்மை உள்ளது. ஆகவே துளைக்குள்ளும் இறங்கி அடைப்பைத் தளர்த்தும். இது நமக்குப் புதியதன்று. படைக்குப் பூசும் விட்பீல்டு களிம்பில் இருப்பதும் இதுதான். கிளைகோலிக் ஆசிட் கரும்பில் இருக்கிறது. லாக்டிக் ஆசிட் நாம் சாப்பிடும் தயிரில் இருக்கிறது. மீன் செதில்போல் தோல் உரியும் நோயாளிகளுக்கு இவ்வகை ஆசிட்டுகள் பயன்படுகின்றன என்று யூஜின் வான் ஸ்காட், ரூயி யூ என்ற இருவர் அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டு எழுதினார்கள். முகப் பூச்சுகளில் அவை இடம்பெற்றது அதன் பிறகுதான்.

முகப்பருவுக்கு விற்கப்படும் சாலிசிலிக் ஆசிட் பெரும்பாலும் 0.5 முதல் 2 விழுக்காடு வரைதான் இருக்கும். கால் ஆணிக்கும் மருவுக்கும் விற்கும் மருந்திலோ அதே ஆசிட் 17 விழுக்காடு அளவுக்கும் இருக்கும். பெயர் ஒன்றுதானே என்று அதை முகத்தில் தடவினால் தோல் வெந்துவிடும்.

நம்மைப் போன்ற மாநிறம், கறுப்பு நிறத் தோல் உள்ளவர்கள் இதை இன்னும் கவனமாகக் கேட்க வேண்டும். வெள்ளைத் தோல் எரிச்சல் கண்டால் சிவக்கும். பார்த்த உடனே தெரியும். நம் தோலில் அந்தச் சிவப்பு எளிதில் தெரியாது. சூடு, அரிப்பு, இழுப்பு, சாம்பல் பூத்ததுபோன்ற உலர்வு, பிறகு கருமை என்றுதான் அது வரும். பரு பத்து நாளில் ஆறிவிடும். எரிச்சல் விட்டுச்செல்லும் கறை மாதக்கணக்கில் நிற்கும். 'எரிந்தால்தான் மருந்து வேலை செய்கிறது' என்று பிள்ளைகளுக்கு யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். அது சுத்தத் தவறு.

ஆகவே முதலில் காதுக்குக் கீழே சிறிது தடவி இரண்டு மூன்று நாள் பார்க்க வேண்டும். பிறகு வாரத்துக்கு இரண்டு இரவு மட்டும், ஒரே ஒரு ஆசிட்டை, மெல்லியதாகப் பூசலாம். தோல் தாங்கினால் கூட்டலாம். பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். பொறுமைதான் இதில் பெரிய மருந்து. கிளைகோலிக் போன்றவை பூசும் நாட்களில் வெயில் எளிதில் சுடும் என்பதால் வெயில் தடுப்புக் களிம்பும் தொப்பியும் தேவை. ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. எரிச்சல் கண்டால் உடனே நிறைய நீரில் கழுவி, ஆசிட்டை நிறுத்தி, வாசலின் மட்டும் தடவித் தோல் ஆறும்வரை விட்டுவிட வேண்டும்.

புட்டி வேண்டாம், வீட்டு வைத்தியமே மேல் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வெற்றிலைச் சுண்ணாம்பு காரம். அது ஆசிட்டைப் போலவே தோலைப் பொசுக்கும். எலுமிச்சைச் சாறோ கடையில் விற்கும் பூச்சுகளைவிடப் புளிப்பு மிகுந்தது. அதைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் திட்டுத் திட்டாகக் கறுக்கும்.

இவை எல்லாவற்றையும்விட நாம் அஞ்சுவது இரவுச் சந்தையில் பெயரின்றி விற்கும் 'வெளுப்பு' களிம்புகளைத்தான். பாதரசம், ஹைட்ரோகுயினோன், டிரெட்டினோயின், ஸ்டீராய்டு கலந்த முகப்பூச்சுகளைச் சுகாதார அமைச்சின் மருந்துக் கட்டுப்பாட்டுப் பிரிவு பலமுறை கண்டுபிடித்துத் தடை செய்திருக்கிறது. பூசிய ஒரு வாரத்தில் முகம் பளபளக்கும். ஆள் மகிழ்ந்து போவார். ஸ்டீராய்டு தோலை மெலிய வைக்கும். நிறுத்தியதும் பரு முன்னைவிட மோசமாகத் திரும்பும். பாதரசம் சிறுநீரகத்தையே கெடுக்கும். முறைப்படி அறிவிக்கப்பட்ட முகப்பூச்சுக்கு என், ஓ, டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் எண் உண்டு. மருந்துக்கடையில் மருந்தாளரிடம் காட்டி, அது மெய்யான எண்தானா என்று கேட்கலாம்.

கட்டி கட்டியாகப் பரு வந்தாலும், குழி விழுந்தாலும், தோலில் நீர் வடிந்தாலும், கண் வீங்கினாலும் பக்கத்து அரசாங்க சுகாதாரக் கிளினிக்குக்குப் போங்கள். தேவையானால் அங்கிருந்து ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு எழுதிக் கொடுப்பார்கள். போகும்போது பிள்ளை இதுவரை பூசிய புட்டி, டப்பா எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். சந்தையில் வாங்கிய பெயரில்லாத டப்பாவானாலும் மறைக்க வேண்டாம். அதில் என்ன இருந்திருக்கும் என்று பார்த்துத்தான் மருத்துவர் அடுத்த மருந்தை முடிவு செய்வார்.